மண்ணீரல் என்ன பாவம் செய்தது?

வயிறு உப்புசம். ரெண்டு இட்லி சாப்பிட்டாலே ரெண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்ட மாதிரி கனம். ஏப்பம். நெஞ்சு கரிப்பு. சிலருக்கு இது மூன்று மாதமாக, சிலருக்கு மூன்று வருஷமாக. ஜெலுசில், ஈனோ, ஓம வாட்டர், கோலி சோடா எல்லாம் பார்த்தாச்சு. டாக்டர் எண்டோஸ்கோப்பி எடுத்துவிட்டு "ஒண்ணுமில்லை, டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். அடுத்து என்ன? தெரிந்தவர் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "சைனீஸ் மெடிசின் ட்ரை பண்ணிப் பாரேன். ஐயாயிரம் வருஷ வைத்தியம். சைடு எஃபெக்டே கிடையாது."

போனால் வைத்தியர் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம் இருக்கிறதா, மேலே மாவு படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும்: "உங்களுக்கு மண்ணீரல் வீக்கா இருக்கு."

பெய்ஜிங்கில் இருந்து பினாங்கு வரை இதே தீர்ப்புதான். நம்ம ஊரில் 'அக்கு ஹீலர்' என்று போர்டு மாட்டியிருப்பவரிடம் போனாலும் இதேதான். இந்தப் பதிவு அந்த அப்பாவி மண்ணீரலுக்காக வாதாடும் பதிவு :-)

சீன வைத்தியம் மொத்தமும் ஃபிராடு என்று நான் சொல்ல வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இருக்கும் சண்டை ஒன்றே ஒன்றுதான். நாள்பட்ட அஜீரணம் தானாகவே ஏறி இறங்கும் நோய். அதில் "எனக்குக் குணமாச்சு" என்பது எந்த வைத்தியத்துக்கும் சான்று ஆகாது. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஒத்துக்கொள்ளாதவர்கள், "டெஸ்ட் எல்லாம் வேண்டாம், நாடியே போதும்" என்று சொல்கிறவர்கள், நம் வயிற்றை வைத்து விளையாடுகிறார்கள்.

"பி.காம் படிக்கிற பையனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். இது வைத்தியத்தை விடக் கணக்கு விஷயம். அது எப்படி என்று பின்னால் வருகிறேன்.

மண்ணீரல் எப்படி மாட்டிக்கொண்டது?

சீன வைத்திய நூல்களில் 'பி' என்று ஓர் உறுப்பு வரும். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் மண்ணீரல் என்றார்கள், நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம். வயிறு உணவை வாங்கிக்கொள்ளும், மண்ணீரல் அதன் சத்தைப் பிரித்து உடம்பு முழுக்க அனுப்பும், அதிலிருந்து 'ச்சி' என்ற உயிர்ச்சக்தி உண்டாகும் என்பது அவர்கள் கணக்கு. மண்ணீரல் சோர்ந்தால் உப்புசம், பசியின்மை, களைப்பு.

இந்தக் கருத்தைத் தூக்கி நிறுத்தியவர் லி டோங்யுவான் (1180-1251). 1232-ல் மங்கோலியப் படை கைஃபெங் நகரத்தை முற்றுகையிட்டது. முற்றுகை முடிந்த பிறகும் ஊருக்குள் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மற்ற வைத்தியர்கள் வெளியில் இருந்து வந்த குளிர் நோய் என்று நினைத்து பேதி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது லி வேறு மாதிரி யோசித்தார். பட்டினி, பயம், களைப்பு, முற்றுகை முடிந்ததும் கண்டபடி சாப்பிட்டது எல்லாம் சேர்ந்து உள்ளே இருக்கும் செரிமான சக்தியைச் சிதைத்துவிட்டது என்றார். 1249-ல் 'பி வெய் லுன்' என்ற நூலை எழுதினார். மண்ணீரலையும் வயிற்றையும் பற்றிய நூல் என்று அர்த்தம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்தில் அது பெரிய சிந்தனை. நுண்ணோக்கி இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. கண்ணால் பார்த்ததை வைத்து ஒரு மனிதன் அவ்வளவு யோசித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் நம்மிடம் இன்று ஒரு சின்னத் தகவல் கூடுதலாக இருக்கிறது. விபத்தில் அடிபட்டோ தலசீமியா நோயாலோ மண்ணீரலையே அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர்கள் உலகத்தில் ஏராளமான பேர். அவர்கள் தொற்று நோய்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், காய்ச்சல் வந்தால் அலட்சியம் கூடாது. ஆனால் சாப்பாடு? நன்றாகவே செரிக்கிறது! மண்ணீரலின் வேலை ரத்தத்தை வடிகட்டுவதும் நோய் எதிர்ப்பும்தான். உங்கள் புளியேப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "சீனர்கள் சொல்லும் 'பி' உடற்கூறியல் மண்ணீரல் இல்லை, அது ஒரு செயல்பாட்டின் பெயர்." சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் நம்ம ஊர் ஹீலர் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து, "இதோ இந்த உறுப்புதான் கெட்டுப்போச்சு" என்று ஏன் காட்டுகிறார்? உறுப்பு இல்லை, செயல்பாடு என்றால் "உங்களுக்கு மண்ணீரல் பலவீனம்" என்பதற்கு "உங்களுக்குச் சரியாகச் செரிக்கவில்லை" என்பதைத் தாண்டி என்ன அர்த்தம்? அதைத்தானே நாம் போய்ச் சொன்னோம்! நம் புகாரையே நமக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு அதற்கு ஃபீஸ் வேறு.

இந்தத் தீர்ப்பு ஆளுக்கு ஆள் ஒரே மாதிரி வருமா என்பது இன்னொரு கேள்வி. 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மூட்டுவாத நோயாளிகள் 40 பேரை மூன்று சீன வைத்தியர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். அவர்கள் சொன்ன நோய்க்கணிப்பு ஒத்துப்போனது சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது வேறு நோய், உண்மை. ஆனால் அதே நாடி, அதே நாக்கு.

இனி வழக்கமாக வரும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "எனக்கே குணமாச்சே!"

ரொம்பப் பலமான வாதம். அதனாலேயே ரொம்ப ஆபத்தான வாதம்.

1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் போயிருந்தார். போன இடத்தில் குடல்வால் அழற்சி. அறுவை சிகிச்சை நடந்தது. "அக்குபங்சரிலேயே மயக்கம் கொடுத்து ஆபரேஷன் பண்ணாங்க" என்று இன்றைக்கும் பலர் கதை சொல்வார்கள். தப்பு. வழக்கமான மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் நடந்தது, ரெஸ்டனே அப்படித்தான் எழுதியிருக்கிறார். அதுவும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணத்தில் கட்டிய ஆஸ்பத்திரியில்! மறுநாள் இரவு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் அக்குபங்சர் வந்தது. வலது முழங்கையிலும் இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசி குத்தி, ஒரு மூலிகையைக் கொளுத்தி வயிற்றுக்குப் பக்கத்தில் அனல் காட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் குறைந்தது.

ஜூலை 26 அன்று அவர் கட்டுரை வெளியானது. அடுத்த பிப்ரவரியில் அதிபர் நிக்சனே சீனா போனார். அமெரிக்காவில் அக்குபங்சர் மோகம் பற்றிக்கொண்டது.

இப்போது யோசியுங்கள். வயிற்றில் ஆபரேஷன் ஆனால் குடல் ஒன்றிரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்யும், வாயு சேரும், பிறகு தானாகவே வேலைக்குத் திரும்பும். ரெஸ்டனுக்கு ஊசி குத்தாமல் இருந்திருந்தால்? அதே இரவில் சரியாகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு இரவு. ஊசி குத்திய ரெஸ்டன் இருந்தார், ஊசி குத்தாத ரெஸ்டன் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நாள்பட்ட அஜீரணமும் இப்படித்தான். ஒரு வாரம் பாடாய்ப் படுத்தும், இரண்டு வாரம் சும்மா இருக்கும். நாம் எப்போது வைத்தியரைத் தேடிப் போகிறோம்? உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருப்பது அடுத்து எங்கே போகும்? கீழேதான். அந்த நேரத்தில் கையில் என்ன மருந்து இருக்கிறதோ அதற்கு மாலை விழும். சீனக் கஷாயமா இருக்கலாம், விபூதியாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. அவர் நம்மோடு அரை மணி நேரம் பேசுகிறார். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், எப்படித் தூங்குகிறாய் என்று கேட்கிறார். ஐஸ் தண்ணீர் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா வேண்டாம், மெதுவாக மென்று சாப்பிடு என்கிறார். இதைக் கேட்டு நடந்தாலே பாதி வயிறு சரியாகிவிடும். ஆனால் பெயர் யாருக்கு? மண்ணீரலுக்கு!

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2020-ல் சீனாவிலேயே ஒழுங்காக ஓர் ஆய்வு நடத்தி வெளியிட்டார்கள். சாப்பிட்டதும் வயிறு கனக்கும், சீக்கிரம் நிறைந்துவிடும் என்ற வகை அஜீரணக்காரர்கள் 278 பேர். பாதிப் பேருக்கு முறையான அக்குபங்சர், நான்கு வாரத்தில் 12 முறை. மீதிப் பேருக்குப் பேருக்கு ஒரு ஊசி, அதுவும் அக்குபங்சர் புள்ளிகளை விட்டுவிட்டு வேறு இடத்தில், மேலோட்டமாக. முறையான ஊசியில் 83.0 சதவீதம் பேர் தேவலை என்றார்கள். பேருக்குக் குத்திய ஊசியில்? 51.6 சதவீதம்!

நன்றாகக் கவனியுங்கள். தப்பான இடத்தில் ஒப்புக்குக் குத்தியதற்கே பாதிக்கு மேல் ஆட்கள் "பரவாயில்லை சார்" என்றிருக்கிறார்கள். உங்கள் பக்கத்துத் தெரு வைத்தியரிடம் போன பத்துப் பேரில் ஐந்து பேர் அவரைக் கும்பிடுவதற்கு இதுவே போதும். அந்த ஆய்வின் மூன்று முக்கியத் தொந்தரவுகளும் சுத்தமாகப் போனவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் 27.8 சதவீதத்துக்கு எதிரே 17.3.

கடையில் எண்பத்து மூன்று ரூபாய்க்கு விற்றால் எண்பத்து மூன்றும் லாபம் என்று எழுதுகிறவனை பி.காம் முதல் வருஷத்திலேயே ஃபெயில் ஆக்கிவிடுவார்கள். அடக்க விலையைக் கழி என்பார்கள். 83 என்பது விற்பனை. 31 என்பது மொத்த லாபம். ஊசி குத்துகிறவருக்கு எது நிஜ ஊசி என்று தெரியும் என்பதால் அதிலும் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. மிச்சம் இருப்பது நிகரம். அது பூஜ்ஜியம் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் எனக்கே ஆச்சரியம்தான், நான் எதிர்பார்த்ததை விட நல்ல லாபம். ஆனால் இந்தக் கழித்தலைச் செய்த பிறகு பேசுங்கள் என்கிறேன். "எனக்குக் குணமாச்சு" என்பவர்கள் எல்லாரும் விற்பனைத் தொகையை மட்டும் காட்டுகிறார்கள்.

வாதம் 2: "ஐயாயிரம் வருஷம் பொய்யா இருக்குமா?"

பழசு என்பதற்காகப் பொய் ஆகாது. பழசு என்பதற்காக மெய்யும் ஆகாது. அப்புறம், இன்று கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் சீன வைத்தியம் அவ்வளவு பழசும் இல்லை. பல ஊர், பல பள்ளி, ஒன்றுக்கொன்று முரணான நூல்கள் என்று சிதறிக் கிடந்ததை ஒரே பாடத்திட்டமாகத் தொகுத்தது 1950-களின் கம்யூனிஸ்ட் அரசு. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நான்கிலும் முதல் கல்லூரிகள் திறந்தது 1956-ல். கோடிக்கணக்கான ஜனங்கள், நவீன மருத்துவம் படித்த டாக்டர்களோ கொஞ்சம் பேர். இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டிய நிலைமை. மாவோவுக்கே அதில் நம்பிக்கை கிடையாது, தான் அந்த மருந்தைச் சாப்பிடுவதில்லை என்று தன்னிடம் சொன்னதாக அவருடைய டாக்டர் லி ஜிசுய் 1994-ல் வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

"இது மேற்கத்திய மோகம், ஆசிய அறிவை மட்டம் தட்டுகிறாய்" என்று கோபப்படுபவர்கள் லூ சுன் பற்றிப் படியுங்கள். நவீன சீன இலக்கியத்தின் பிதாமகர். அவருடைய அப்பாவுக்கு வயிறு வீங்கும் நோய். ஊரிலேயே பெரிய வைத்தியர்கள், பெரிய ஃபீஸ். ஜோடி பிரியாத சுவர்க்கோழிகள் இரண்டைப் பிடித்துவா, மூன்று வருஷம் பனியில் நனைந்த கரும்பைக் கொண்டுவா என்றெல்லாம் மருந்துச் சீட்டு. வயிறு மத்தளம் மாதிரி வீங்கியதால் பழைய மத்தளத் தோலில் செய்த மாத்திரை! 1896-ல் அப்பா இறந்துபோனார். அந்தப் பையன் பிறகு நவீன மருத்துவம் படிக்க ஜப்பான் போனான். சீன வைத்தியத்தை அவர் அளவுக்கு வறுத்தெடுத்த வெள்ளைக்காரன் யாருமில்லை.

1929-ல் பழைய வைத்தியத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று சீன அரசின் சுகாதாரக் குழுவில் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் யூ யுன்சியூ, சீன டாக்டர்தான். மார்ச் 17 அன்று ஷாங்காயில் வைத்தியர்கள் திரண்டு எதிர்த்தார்கள், தீர்மானம் கிடப்பில் போனது. ஒழிக்க வேண்டும் என்பது என் கட்சி இல்லை. சோதிக்க வேண்டும் என்பதுதான்.

வாதம் 3: "நோபல் பரிசே கொடுத்துட்டாங்களே!"

து யூயூ, 2015. ஐயா, அந்த அம்மா என் கட்சி! நாலாம் நூற்றாண்டு நூல் ஒன்றில் மலேரியாக் காய்ச்சலுக்கு ஒரு செடியைச் சொல்லியிருந்தது. "பழைய நூலே சொல்லியாச்சு, சாப்பிடுங்க" என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான குறிப்புகளை அலசினார்கள். ஒவ்வொரு சாறாக எடுத்து மலேரியா பிடித்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலானவை தோற்றன. சூடு பட்டால் சத்து கெடுகிறது என்று புரிந்து ஈதரில் பிரித்தெடுத்த 191-வது மாதிரி 1971 அக்டோபரில் ஜெயித்தது. அடுத்த வருஷம் முதல் டோஸைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். அந்தச் சாறு ஜெயித்த கதைக்குப் பின்னால் இருநூறு தோல்விகளை ஒத்துக்கொண்ட நேர்மை இருக்கிறது. பரிசு பாரம்பரிய வைத்தியத்துக்கு இல்லை என்று நோபல் குழுவினரே தெளிவாகச் சொன்னார்கள்.

அதே நேர்மை அஜீரணத்திலும் சாத்தியம். 'ஆறு கனவான்கள்' என்று ஒரு பழைய சீனக் கஷாயம். ஜின்செங், அதிமதுரம், ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்ந்தது. ஜப்பானில் அதன் வடிவமான 'ரிக்குன்ஷிதோ'வை வெறும் பொடியோடு ஒப்பிட்டுச் சோதித்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். அஜீரணத்துக்கு மிதமான பலன் தெரிந்தது. மிதமான பலன் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். "நூறு சதவீதம் நிரந்தரத் தீர்வு" என்று நோட்டீஸ் அடிக்க எந்தத் தைரியமும் வேண்டாம்.

வாதம் 4: "மூலிகைதானே, சைடு எஃபெக்ட் கிடையாது"

எட்டிக்காயும் மூலிகைதான். விடுங்கள், நிஜக் கதை சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். சேர்க்க வேண்டிய மூலிகையின் பெயர் 'ஃபாங் ஜி'. வந்து சேர்ந்தது 'குவாங் ஃபாங் ஜி'. பெயரில் ஒரு சொல்தான் கூடுதல். ஆனால் அது வேறு செடி, ஆடுதின்னாப்பாளை வகையறா, உள்ளே அரிஸ்டோலோக்கிக் அமிலம். நூறுக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

"அது இளைக்கிற மாத்திரை, வயித்து மருந்து இல்லையே" என்பீர்கள். வருகிறேன். அஜீரணத்துக்குச் சீனர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு வேர் 'மு சியாங்'. நம்ம சித்த வைத்தியத்தில் கோஷ்டம் என்பார்களே, அதேதான். 'சிங் மு சியாங்' என்று இன்னொன்று உண்டு. அதுவும் வயிற்று வலிக்கும் உப்புசத்துக்கும் கொடுப்பதுதான். அது கோஷ்டம் இல்லை, அரிஸ்டோலோக்கிக் அமிலக் கோஷ்டி! சீன அரசே 2004-ல் அதைத் தடை செய்தது. அத்தனை நூற்றாண்டு அனுபவத்தில் யாருக்கும் ஏன் இது தெரியவில்லை? சிறுநீரகம் மெதுவாகக் கெடும். புற்றுநோய் வர வருஷக்கணக்கு ஆகும். இன்று சாப்பிட்ட கஷாயத்தையும் பல வருஷம் கழித்து வரும் நோயையும் நாடி பார்த்து இணைக்க முடியாது. கணக்கு நோட்டு வேண்டும்.

வாதம் 5: "உலக சுகாதார நிறுவனமே ஏத்துக்கிச்சே"

2019-ல் ஏற்றுக்கொண்டு 2022-ல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் பாரம்பரிய வைத்தியத்துக்கு ஒரு தனி அத்தியாயம் சேர்த்தார்கள், வாஸ்தவம். 'மண்ணீரல் ச்சி குறைவு' அதில் இருக்கிறது. அது எண்ணிக்கை எடுக்கத்தான், அந்த வைத்தியம் பலன் தரும் என்று சான்றிதழ் இல்லை என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டது. ஆனால் கடைக்காரருக்கு அந்த விளக்கமா வேண்டும், முத்திரைதானே வேண்டும்?

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது சீனாவின் 2017 சட்டம். 'புகழ்பெற்ற பழைய மருந்துகள்' என்ற பட்டியலில் இருந்தால், மனிதர்களிடம் சோதித்துக் காட்டாமலேயே விற்பனை அனுமதி கேட்கலாம். 2018-ல் முதல் பட்டியலில் 100 மருந்துகள் வந்தன. ரிக்குன்ஷிதோவைச் சோதித்த ஜப்பான்காரர்கள் முட்டாள்களா? அக்குபங்சரைச் சோதித்த சீன ஆராய்ச்சியாளர்கள்தான் முட்டாள்களா? நன்றாகப் படித்து வந்த பையனிடம் "நீ பழைய மாணவன், உனக்குப் பரீட்சை வேண்டாம்" என்று சொல்வது மரியாதையே இல்லை. அவன் பாஸாகமாட்டான் என்று நீங்களே சந்தேகப்படுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

"அலோபதி மட்டும் என்ன கிழித்தது?"

நியாயமான கேள்வி. மருந்துக் கடையில் எல்லாரும் வாங்கி முழுங்கும் அமிலம் குறைக்கும் மாத்திரைகளை (ஒமெப்ரசோல், பான்டப்ரசோல் கோஷ்டி) எடுத்துக்கொள்ளுங்கள். புண், கட்டி எதுவும் இல்லாத அஜீரணத்தில் அவற்றின் லட்சணம் என்ன? 2017-ல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னது: 11 பேர் சாப்பிட்டால் வெறும் மாத்திரையை விடக் கூடுதலாக ஒருவருக்குப் பலன். அவ்வளவேதான்! மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு இதை வருஷக்கணக்கில் எழுதிக்கொடுக்கும் டாக்டர்களைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். ஜனங்கள் வேறு வைத்தியம் தேடி ஓடுவதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்த 11 என்ற எண் நமக்கு எப்படித் தெரிந்தது? அவர்களே சோதித்து, அவர்களே வெளியிட்டது. தன் மருந்தின் மானத்தைத் தானே வாங்கும் அந்தப் பழக்கம்தான் எனக்குப் பிடித்தது. 'மண்ணீரல் மூலிகை'யை எத்தனை பேர் சாப்பிட்டால் ஒருவருக்குப் பலன் என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். "நம்பிக்கையோட சாப்பிடுங்க" என்பார்.

இதெல்லாம் வெறும் பட்டிமன்றம் இல்லை

எங்கள் ஏரியாவில் ஒரு பெரியவர். ஐம்பதைத் தாண்டியவர். வயிற்று எரிச்சல், பசி இல்லை. ஊசி கூட இல்லாமல் விரலால் தொட்டே குணமாக்கும் ஒரு ஹீலரிடம் ஏழு மாதம் போனார். மண்ணீரல் பலவீனம் என்று வாராவாரம் தொட்டு அனுப்பினார்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போக ஆரம்பித்தது. "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார்கள். மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. ஹீமோகுளோபின் 6. இரைப்பையில் புண், உள்ளுக்குள்ளேயே ரத்தக் கசிவு. ரத்தம் ஏற்றி, இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்ததும் சரியானார். கறுத்துப் போனது கழிவு இல்லை, அவருடைய ரத்தம்.

அந்தப் புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துத் தன் வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005-ல் ராபின் வாரனுடன் சேர்ந்து நோபல் வாங்கினார். 1994-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஒரு மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். எந்த நாடியிலும் இது தெரியாது.

மண்ணீரல் கோட்பாடு பிறந்த சீனாவையே பாருங்கள். 2020-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலகத்தில் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் அங்கேதான். ஆரம்பத்தில் அது எப்படி இருக்கும் தெரியுமா? லேசான உப்புசம், பசியின்மை, சீக்கிரம் வயிறு நிறைவது. அதாவது, சாட்சாத் 'மண்ணீரல் பலவீனம்'.

ஆகவே மக்களே, தயவுசெய்து:

1. காரணமில்லாமல் எடை குறைவது, இரும்புச் சத்து மாத்திரை எதுவும் சாப்பிடாமலே மலம் கறுப்பது, ரத்த வாந்தி, ஓயாத வாந்தி, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய், அறுபது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த அஜீரணம். இதில் ஒன்று இருந்தாலும் ஹீலர், நாட்டு வைத்தியர், மருந்துக் கடை அண்ணன் யாரிடமும் நிற்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

2. இது எதுவும் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் தொந்தரவு என்றால் முதலில் அந்தக் கிருமிப் பரிசோதனை.

3. எல்லாம் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு ஊசி குத்திக்கொள்ள ஆசையா? தாராளமாக. ஒரு நல்ல ஆய்வு உங்கள் பக்கம் இருக்கிறது. சுத்தமான புது ஊசி, முறையாகப் படித்தவர், இத்தனை வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவேன் என்ற கெடு. இது மூன்றும் முக்கியம்.

4. உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிள் இல்லாத பொடியையும் உருண்டையையும் வாங்காதீர்கள். எத்தனை நூற்றாண்டுப் பழசாக இருந்தாலும்.

5. "டெஸ்ட் எடுக்காதே, மருந்தை நிறுத்து" என்று எந்த வைத்தியர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அவர் சீனமோ, சித்தமோ, அலோபதியோ.

லி டோங்யுவான் இன்று இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கிறேன். கைஃபெங்கில் எல்லாரும் பழைய நூலைப் பார்த்து மருந்து கொடுத்தபோது, "இது பலிக்கவில்லை, வேறு ஏதோ காரணம்" என்று சொன்ன ஆள் அவர். கையில் ஒரு மூச்சுப் பரிசோதனைக் கருவி கிடைத்திருந்தால் முதல் ஆளாக ஊதச் சொல்லியிருப்பார். அவர் பெயரைச் சொல்லிக் கடை நடத்துகிறவர்கள்தான் ஊத வேண்டாம் என்கிறார்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, இது மருத்துவ ஆலோசனையும் இல்லை. இஞ்சி டீக்கும் சுக்குக் காபிக்கும் நான் எதிரி இல்லை, இதை எழுதும்போது கூட ஒன்று குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் :-) திட்ட வருபவர்கள் திட்டலாம். ஆனால் "என் மாமாவுக்குக் குணமாச்சு" என்று மட்டும் எழுதாதீர்கள். மாமா நலமாக இருப்பதில் சந்தோஷம். அடக்க விலையைக் கழித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.